சபராளியின் நோய்ச் செலவை யார் சுமப்பது? – கடல் கடந்த நம் முன்னோரும் நாமும்



இராமநாதபுரத்திலிருந்து தொண்டி நோக்கிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்வோர், தேவிபட்டினத்தையும் திருப்பாலைக்குடியையும் கடந்து உப்பூரை அடைவர். பெயரிலேயே உப்பைச் சுமந்து நிற்கும் ஊர் அது. மழையை நம்பிய வயல், வற்றும் கண்மாய், பாக் நீரிணையின் மீன்பாடு ஆகியவற்றைத் தவிர இக்கரையில் பிழைப்புக்கு வேறு வழி அதிகமில்லை. ஆகவேதான் தலைமுறை தலைமுறையாக நம் ஆண்கள் சபர் புறப்பட்டார்கள். பாட்டனார் இலங்கைக்கோ பினாங்குக்கோ சென்றார். தந்தை சிங்கப்பூருக்கோ சவூதிக்கோ சென்றார். பிள்ளை இன்று துபையிலும் தோஹாவிலும் இருக்கிறார்.

சபராளி அனுப்பிய பணத்தால் எழுந்த வீடுகளைப் பற்றி நாம் பெருமையுடன் பேசுகிறோம். ஆனால் அந்தப் பணம் ஒரே ஒரு நோயால் கரைந்துபோன வீடுகளைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. பதினைந்து ஆண்டு உழைப்பு பதினைந்து நாள் மருத்துவமனைக் கட்டிலில் தீர்ந்துபோவதை நம்மில் பலர் கண்ணால் கண்டிருக்கிறோம். பிறகு நகை அடகுக்குப் போகும். மனை விலைக்குப் போகும். அதுவும் போதாதபோது கைபேசியில் உதவி வேண்டி ஒரு செய்தி சுற்றுக்கு வரும்.

கடல் கடந்தவன் நோயுற்றால் அச்செலவை யார் சுமப்பது என்பது இன்று தோன்றிய கேள்வியன்று. நூற்றைம்பது ஆண்டுகளாக அரசுகளும் முதலாளிகளும் ஜமாஅத்துகளும் இதற்கு வெவ்வேறு விடைகளைத் தந்து வந்திருக்கின்றனர். அந்த வரலாற்றை அறிந்தால், இன்று காப்பீட்டுக்காக நாம் வீணாகச் செலவிடுவது எது, செலவிடாமல் விட்டு இழப்பது எது என்பது தெளிவாகும்.

மண்டபம் முகாம்: முதல் மருத்துவச் சோதனை

உப்பூருக்குத் தெற்கே, இராமேசுவரம் தீவை நோக்கி நிலம் குறுகிச் செல்லும் இடத்தில் மண்டபம் முகாம் இருக்கிறது. இன்று இலங்கை ஏதிலியர் முகாமாக அறியப்படும் அவ்விடம், ஆங்கிலேயர் காலத்தில் இலங்கை அரசு இந்திய மண்ணில் நடத்திய நோய்த்தடுப்பு முகாம். 1914-ஆம் ஆண்டு தனுஷ்கோடி – தலைமன்னார் வழித்தடம் திறக்கப்பட்ட பின், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்கள் பெரும்பாலும் இந்த முகாமைக் கடந்தே சென்றனர். அவர்கள் சில நாள்கள் அங்கே தங்கவைக்கப்பட்டனர். உடல் சோதிக்கப்பட்டது, அம்மைப்பால் குத்தப்பட்டது, உடைகள் நோய்நீக்கம் செய்யப்பட்டன. வாந்திபேதியும் அம்மையும் கொள்ளைநோயும் அஞ்சப்பட்ட காலம் அது.

கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் நுழையவும் வேண்டாம், அங்கிருந்து வெளியேறவும் வேண்டாம் என்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரையை அறிந்த சமூகத்தவர் நாம். எனவே நோய்த்தடுப்பு முகாம் என்பதையே குறையாகச் சொல்ல முடியாது. ஆனால் அச்சோதனையின் நோக்கம் என்ன என்பதைக் கவனிக்க வேண்டும். தொழிலாளியின் நோயிலிருந்து நாட்டைக் காப்பதே முதல் நோக்கமாக இருந்தது. நோயிலிருந்து தொழிலாளியைக் காப்பது அதற்குப் பிந்தியே வந்தது. உடல் தகுதியற்றவன் கரையிலேயே திருப்பி அனுப்பப்பட்டான்.

இன்று வளைகுடா விசாவுக்காக நம் பிள்ளைகள் சென்னையிலும் திருச்சியிலும் வரிசையில் நின்று எடுக்கும் மருத்துவச் சோதனையும் இதே மரபின் வழிவந்ததே. மார்பு ஊடுகதிர்ப் படமும் இரத்தப் பரிசோதனையும் அவனைத் தேர்வு செய்வதற்கானவை. அச்சோதனையில் தேறிவிட்டால் அங்கே மருத்துவ வசதி உறுதி என்று எண்ணுவோர் இன்றும் நம்மிடையே உள்ளனர். சோதனை வேறு, காப்பீடு வேறு.

தோட்டத்துக்கு மருத்துவமனை, வணிகனுக்கு யார்?

இலங்கையில் 1872-ஆம் ஆண்டிலேயே தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அச்செலவு தோட்டத்துறையின் மீது வரியாக விழுந்தது. மலாயாவில் 1907-ஆம் ஆண்டு தமிழர் குடியேற்ற நிதி உருவாக்கப்பட்டது. பின்னர் இந்தியர் குடியேற்ற நிதி என்று பெயர் பெற்ற அதற்கு, இந்தியத் தொழிலாளரை வேலைக்கு வைத்த முதலாளிகள் கட்டணம் செலுத்தினர். ஆள்களைக் கொண்டுவருவதே அந்நிதியின் முதற்பணி என்றாலும், உழைக்க இயலாது போனவர்களைப் பராமரிக்கவும் தாயகம் அனுப்பவும் அது பயன்பட்டது. தோட்டங்களில் மருத்துவமனை வைக்க வேண்டும் என்ற விதியும் இருந்தது. அம்மருத்துவமனைகளின் தரம் பல இடங்களில் மிகத் தாழ்ந்திருந்தது என்பது உண்மை. ஆயினும், வேலை வாங்குபவனே வேலை செய்பவனின் நோய்க்கும் பொறுப்பு என்ற கொள்கையைச் சட்டம் அன்றே ஏற்றுக்கொண்டது.

ஆனால் நம் கடற்கரை முஸ்லிம்களில் பெரும்பாலோர் தோட்டக் கூலிகளாகச் செல்லவில்லை. துணி வணிகர், சில்லறைக் கடைக்காரர், நாணய மாற்றுநர், உணவுக்கடைப் பணியாளர், துறைமுகத் தொழிலாளர் என்றே சென்றனர். நாகப்பட்டினத்திலிருந்து ரஜுலா கப்பலில் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்றவர்களில் பலருக்கு எழுத்துமுறையிலான முதலாளியே கிடையாது. மாமன் கடையிலோ மச்சான் கடையிலோ வேலை. கணக்கு ஆண்டு முடிவில். சட்டம் தோட்டத் தொழிலாளிக்குக் காட்டிய சிறு நிழல்கூட இவர்கள்மீது விழவில்லை.

அந்த இடைவெளியை நிரப்பியது பள்ளிவாசலும் ஊர் உறவும்தான். பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், சிங்கப்பூரில் ஜாமிஆ பள்ளிவாசல் போன்றவை தொழுகைக்கான இடங்களாக மட்டும் இருக்கவில்லை. புதிதாக இறங்கியவன் தன் ஊராரைத் தேடிக் கண்டுகொள்ளும் இடங்களாகவும் இருந்தன. பிற்காலத்தில் ஊர்ப் பெயரிலேயே சங்கங்கள் எழுந்தன. நோயுற்றவனைக் கப்பலேற்றி அனுப்பவும், மறைந்தவனை நல்லடக்கம் செய்யவும், கைம்பெண்ணுக்கு ஒரு தொகை அனுப்பவும் கூட்டாகப் பணம் திரட்டினர். அதற்குக் காப்பீடு என்று அவர்கள் பெயரிடவில்லை. ஆனால் ஒருவனின் இழப்பைப் பலர் பகிர்ந்து சுமப்பதே காப்பீட்டின் உட்பொருள் என்றால், அவர்கள் செய்தது அதுவே.

நம் மரபில் பகிர்ந்து சுமத்தல்

இந்த எண்ணம் நம் முன்னோருக்கு வெளியிலிருந்து வந்ததன்று. மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் வகுத்த உடன்படிக்கையில், ஒவ்வொரு குலத்தாரும் தம்மவர் மீது விழும் இரத்த ஈட்டுத் தொகையையும், சிறைப்பட்டோரின் மீட்புத் தொகையையும் கூட்டாகச் செலுத்த வேண்டும் என்ற ஏற்பாடு இருந்தது. ஃபிக்ஹு நூல்கள் இதனை ஆகிலா என்று அழைக்கின்றன. அஷ்அரீ குலத்தார் உணவு குறையும் வேளையில் தம்மிடம் இருந்ததையெல்லாம் ஒரே துணியில் கொட்டிச் சமமாகப் பங்கிட்டுக் கொள்வதை நபி (ஸல்) அவர்கள் பாராட்டியதும் நாம் அறிந்ததே.

மருத்துவத்திலும் இம்மரபு தொடர்ந்தது. கெய்ரோவில் சுல்தான் மன்சூர் கலாவூன் 1284-ஆம் ஆண்டில் நிறுவிய பீமாரிஸ்தான் என்னும் மருத்துவமனை, வக்ஃபு சொத்துகளின் வருவாயால் நடந்தது. உள்ளூரார், வழிப்போக்கர், செல்வர், ஏழை என்ற வேறுபாடின்றி அங்கே மருத்துவம் தரப்பட்டது. வழிப்போக்கனையும் அதில் சேர்த்ததை நாம் சிறப்பாகக் கருத வேண்டும். ஊரைப் பிரிந்து நிற்பவன் நோயுற்றால் அவனுக்குத் தன் வீடும் இல்லை, உறவும் இல்லை என்பதை அறிந்தோர் செய்த ஏற்பாடு அது. ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டுப் பிரிவினருள் வழிப்போக்கரும் ஒருவர் என்பதை இத்துடன் சேர்த்து எண்ணிப் பார்க்கலாம்.

பிறகு ஏன் நம் சமூகத்தில் காப்பீடு என்றதும் தயக்கம் எழுகிறது? வணிகக் காப்பீட்டில் வட்டியும், நிச்சயமற்ற பேரமும், சூதின் சாயலும் கலந்துள்ளன என்பது உலமாக்களில் பெரும்பாலோரின் கருத்து. 1985-ஆம் ஆண்டு ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமி, வணிகக் காப்பீட்டை மறுத்துக் கூட்டுறவுக் காப்பீட்டை ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்னரே 1979-இல் சூடானில் தகாஃபுல் நிறுவனம் தோன்றியிருந்தது. 1984-இல் மலேசியா தகாஃபுலுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. தகாஃபுலில் உறுப்பினர்கள் தபர்ருஃ என்னும் நன்கொடையாக ஒரு பொது நிதிக்குப் பணம் தருகின்றனர். நோயுற்ற உறுப்பினரின் செலவு அந்நிதியிலிருந்து வழங்கப்படுகிறது. நிறுவனம் நிருவாகக் கட்டணம் பெறுகிறது. மிச்சம் உறுப்பினருக்கே உரியது.

ஆகவே, நம் மார்க்கம் மறுத்தது பகிர்ந்து சுமத்தலை அன்று. அதில் கலந்த குற்றங்களையே மறுத்தது. இந்தியாவில் தகாஃபுல் நிறுவனங்களுக்கு வழியில்லாத நிலையில், வணிகக் காப்பீட்டைத் தேவை கருதி எடுக்கலாமா என்பதை ஒவ்வொரு குடும்பமும் தாம் நம்பும் ஆலிமிடம் கேட்டுத் தெளிய வேண்டும். அத்தீர்ப்பை நாம் இங்கே வழங்கவில்லை. ஆனால் கேட்டுத் தெளியாமல் ஆண்டுகளைக் கடத்துவதும் ஒரு முடிவே. அதன் விலையை நோய் வந்த பிறகு குடும்பமே செலுத்துகிறது.

வளைகுடாவின் விடைகள்

1973-ஆம் ஆண்டின் எண்ணெய் விலை உயர்வுக்குப் பின் நம் சபரின் திசை மேற்கே திரும்பியது. தொடக்க ஆண்டுகளில் வளைகுடாவின் பல அரசு மருத்துவமனைகள் வெளிநாட்டாருக்கும் இலவசமாகவோ சிறு கட்டணத்துக்கோ மருத்துவம் தந்தன. அக்காலத்தில் சென்று திரும்பிய பெரியவர்கள், அரபு நாட்டில் மருத்துவத்துக்குக் காசு எதற்கு என்று இன்றும் சொல்வதுண்டு. அவர்கள் கண்டது உண்மை. ஆனால் அந்தக் காலம் முடிந்துவிட்டது.

குவைத் 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வெளிநாட்டாருக்கு மருத்துவக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. அதே ஆண்டில் சவூதி அரேபியா கூட்டுறவு மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை வெளியிட்டுப் பின்னர் படிப்படியாக நடைமுறைப்படுத்தியது. அபுதாபி 2005-ஆம் ஆண்டின் 23-ஆம் எண் சட்டத்தாலும், துபை 2013-ஆம் ஆண்டின் 11-ஆம் எண் சட்டத்தாலும் இதே வழியில் சென்றன. ஐக்கிய அரபு அமீரகத்தின் ஏனைய பகுதிகளில் தனியார் துறைப் பணியாளருக்கும் வீட்டுப் பணியாளருக்கும் 2025 ஜனவரி 1 முதல் இது கட்டாயமாயிற்று. அங்கு அடிப்படைத் திட்டத்தின் ஆண்டுக் கட்டணம் 320 திர்ஹம் என அறிவிக்கப்பட்டது.

கிழக்கிலும் இதே மாற்றம் நிகழ்ந்தது. சிங்கப்பூர் 2008 முதல் வேலை அனுமதியில் உள்ளோருக்கு மருத்துவக் காப்பீட்டை முதலாளியின் கடமையாக்கியது. தொடக்கத்தில் 5,000 வெள்ளியாக இருந்த குறைந்தபட்சக் காப்புத் தொகை பிறகு 15,000 ஆகி, 2023 ஜூலை முதல் 60,000 வெள்ளியாக உயர்ந்தது. மலேசியா 2011-இல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கென 10,000 ரிங்கிட் வரம்புடன் மருத்துவமனைக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது.

இந்தியாவும் தன் பங்குக்கு 2003 டிசம்பரில் பிரவாசி பாரதீய பீமா யோஜனாவைத் தொடங்கியது. குடியகல்வு அனுமதி தேவைப்படும் கடவுச்சீட்டுடன் வளைகுடா, மலேசியா முதலிய குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோர் இதனை எடுத்தே ஆக வேண்டும். 2017-இல் திருத்தப்பட்ட வடிவில் இரண்டு ஆண்டுகளுக்கு 275 ரூபாயும் மூன்று ஆண்டுகளுக்கு 375 ரூபாயும் அடிப்படைக் கட்டணம், வரி தனி. விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 இலட்சம் ரூபாய்க் காப்பு. மருத்துவமனைச் செலவுக்கு 1 இலட்சம் ரூபாய் வரை வழியுண்டு. மாதக் கணக்கில் பார்த்தால் பத்து ரூபாய் அளவே ஆகும்.

இத்தனை சட்டங்களையும் ஒருசேர வைத்துப் பார்த்தால், பழைய கோடு மறையாமல் இருப்பதைக் காணலாம். முறையான வேலை ஒப்பந்தம் உள்ளவனுக்குப் பாதுகாப்பு உண்டு. பார்வையாளர் விசாவில் சென்று வேலை தேடுபவன், உரிமம் இன்றிச் சொந்தமாகத் தொழில் செய்பவன், ஒருவர் பெயரில் விசாவும் மற்றொருவரிடம் வேலையுமாக இருப்பவன் ஆகியோர் அன்றைய கடைப்பையனைப் போலவே வெளியே நிற்கின்றனர். முகவருக்குக் கொடுக்கும் தொகையில் சிறிது குறைகிறது என்று பார்வையாளர் விசாவில் புறப்படுவோர், முதலாளியின் காப்பீட்டையும் இந்திய அரசின் பத்து இலட்சம் ரூபாய்க் காப்பையும் ஒருங்கே கைவிட்டுச் செல்கின்றனர். அதைவிட விலை கூடிய சிக்கனம் வேறில்லை.

எங்கே சேமிக்கலாம், எங்கே கூடாது

முதலாவதாக, சட்டம் முதலாளி மீது வைத்த சுமையை நாம் சுமக்க வேண்டியதில்லை. துபையிலும் அபுதாபியிலும் சவூதியிலும் சிங்கப்பூரிலும் பணியாளரின் காப்பீட்டுக் கட்டணம் முதலாளியைச் சேர்ந்தது. அதனைச் சம்பளத்தில் பிடிக்க அனுமதியில்லை. சம்பளச் சீட்டை வாசித்துப் பார்ப்பதே முதல் சேமிப்பு. குடும்பத்தாருக்கான விதி இடத்துக்கு இடம் மாறும். துபையில் மனைவி மக்களுக்கான காப்பீடு, அவர்களுக்கு விசா எடுத்த குடும்பத் தலைவரின் பொறுப்பு. எனவே குடும்பத்தை அழைத்துச் செல்லும் முன்பே அச்செலவைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இரண்டாவதாக, அட்டை கையில் இருப்பதும் அது செல்லும் மருத்துவமனையை அறிவதும் வேறு வேறு. அடிப்படைத் திட்டங்களில் மருத்துவமனைகளின் பட்டியல் குறுகியது. அமீரகத்தின் 320 திர்ஹம் திட்டத்தில் புறநோயாளிக்கு 25 விழுக்காடும், உள்நோயாளிக்கு 20 விழுக்காடும் நோயாளியின் பங்கு. அதற்கும் உச்சவரம்பு உண்டு. பட்டியலில் உள்ள மருத்துவமனைக்கே சென்றால் இந்த வரம்போடு செலவு நிற்கும். பட்டியலுக்கு வெளியே சென்றால் முழுத் தொகையும் நம்முடையதாகலாம். நலமாக இருக்கும்போதே பட்டியலைப் பார்த்து வைப்பதற்கு ஒரு காசும் ஆகாது.

மூன்றாவதாக, ஊரில் இருப்போருக்கு வேண்டியது ஊர்க் காப்பீடு. வெளிநாட்டில் முதலாளி தந்த அட்டை உப்பூரிலோ இராமநாதபுரத்திலோ பெரும்பாலும் செல்லாது. இங்கு எடுத்த பாலிசி பொதுவாக அங்கு செல்லாது. இதனை அறியாமல் இருமுறை செலவிடுவோரும் உண்டு, இரண்டும் இன்றி நிற்போரும் உண்டு. ஊரில் குடும்பத்துக்குப் பாலிசி எடுக்கும்போது முதிய பெற்றோரையும் இளம் பிள்ளைகளையும் ஒரே பாலிசியில் சேர்த்தால், மூத்தவரின் வயதை வைத்தே கட்டணம் கணக்கிடப்படும். பெற்றோருக்குத் தனியாகவும் மற்றவர்க்குத் தனியாகவும் விலை கேட்டு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. தனிநபர் மற்றும் குடும்ப மருத்துவக் காப்பீட்டின் மீதிருந்த 18 விழுக்காடு சரக்கு சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டிருப்பதையும் நினைவில் கொள்ளலாம்.

நான்காவது, நம் குடும்பங்கள் மிகுதியாக இடறும் இடம். வெளிநாட்டு அட்டை விசாவோடு பிறந்து விசாவோடு முடிகிறது. ஐம்பத்தைந்து வயதில் சர்க்கரையும் இரத்த அழுத்தமுமாக ஊர் திரும்பும் சபராளி, தனக்குக் காப்பீடே இல்லை என்பதை அப்போதுதான் உணர்கிறார். புதிதாக எடுக்கச் சென்றால் கட்டணம் உயர்ந்திருக்கும். இருக்கும் நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் சொல்லப்படும். இந்தியாவில் 2024-ஆம் ஆண்டின் விதிகளின்படி அக்காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேற்படக் கூடாது; ஆனால் நோய் மூன்று ஆண்டுகள் காத்திருக்குமா? வெளிநாட்டில் இருக்கும்போதே, உடல் நலமாக இருக்கும் வயதிலேயே, ஊரில் ஒரு பாலிசியைத் தொடங்கித் தவறாமல் புதுப்பித்து வந்தால் காத்திருப்புக் காலம் அங்கிருக்கும்போதே கழிந்துவிடும். இது இரட்டைச் செலவு போலத் தோன்றும். ஆனால் திரும்பும் நாளுக்கான சேமிப்பு இது. உழைக்க இயலாதவனைக் கப்பலேற்றி அனுப்பிய மலாயாத் தோட்டத்திலிருந்து இன்றைய ஒப்பந்தம் இவ்வொன்றில் அதிகம் மாறவில்லை: திரும்பி வந்தவனின் நோய் இன்றும் அவன் வீட்டாருக்கே உரியது.

ஐந்தாவதாக, உண்மையை மறைத்து மிச்சம் பிடிப்பது சேமிப்பாகாது. சர்க்கரை நோயை எழுதாமல் விட்டால் கட்டணம் குறையும் என்று சொல்லும் முகவர்கள் உள்ளனர். மருத்துவமனையின் பழைய சீட்டு ஒன்றே அந்த மறைப்பை வெளிப்படுத்தப் போதும். அன்று பாலிசியும் பணமும் போய்விடும். அவ்வாறே, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கானது. தகுதியுள்ளோர் தயங்காமல் அதனைப் பெற வேண்டும். வெளிநாட்டு வருவாயை மறைத்துப் பெறுவது, அதனைப் பெற வேண்டிய ஏழையின் இடத்தை எடுத்துக்கொள்வதாகும். ஈரமான தானியத்தை அடியில் வைத்து விற்ற வணிகரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த நிகழ்வை நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறோம். அந்தப் பாடம் காப்பீட்டுப் படிவத்துக்கும் பொருந்தும்.

ஆறாவதாக, காகிதங்கள் வீட்டில் இருக்க வேண்டும். பாலிசி எண், அட்டையின் நகல், பிரவாசி பீமா சான்று ஆகியவற்றை மனைவியோ தாயோ எடுக்கக்கூடிய இடத்தில் வைக்காமல் சபர் செல்வது பெருந்தவறு. செலுத்திய காப்பீட்டைக் கோராமலே விட்டுவிடும் குடும்பம், அப்படியொன்று இருந்ததையே அறியாத குடும்பமாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

ஜமாஅத் என்ன செய்யலாம்?

நோய் வந்த பிறகு உதவி திரட்டுவதில் நம்மவர்கள் குறைந்தவர்கள் அல்லர். ஆனால் அம்முறையில் ஒரு குறை உண்டு. உறவும் அறிமுகமும் அதிகமுள்ளவருக்கு அதிகம் சேர்கிறது; ஒதுங்கி வாழ்பவருக்கும் கேட்கக் கூச்சப்படுபவருக்கும் சேர்வதில்லை. நம் முன்னோரின் வக்ஃபும் ஆகிலாவும் இழப்பு நேர்வதற்கு முன்பே ஏற்பாட்டைச் செய்து வைத்தன. அந்த முன்னேற்பாட்டையே நாம் இழந்திருக்கிறோம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இருநூறு குடும்பங்கள் உள்ள ஒரு மஹல்லாவில் குடும்பத்துக்கு மாதம் 100 ரூபாய் என்றால், ஆண்டுக்கு 2,40,000 ரூபாய் சேரும். பெரிய அறுவை சிகிச்சைகள் பலவற்றை இத்தொகையால் தாங்க முடியாது. ஆனால் ஆதரவற்ற கைம்பெண்களின் காப்பீட்டுக் கட்டணம், மதுரைக்கு நோயாளியைக் கொண்டுசெல்லும் வண்டிச் செலவு, காப்பீடு போக எஞ்சும் பங்கு, மாத்திரைச் செலவு ஆகியவற்றுக்கு இது பெருந்துணையாகும். இன்ன தொகை தருவோம் என்று வாக்களித்துச் சந்தா வாங்கினால் அது உரிமம் தேவைப்படும் காப்பீட்டுத் தொழிலாகிவிடும். எனவே பைத்துல்மாலின் ஒரு பிரிவாக, தானமாகவே திரட்டி, கணக்கை ஆண்டுதோறும் வெளியிட்டு நடத்துவதே முறையாகும்.

மற்றொரு பணிக்குப் பணமே தேவையில்லை. ஜுமுஆவுக்குப் பின் மாதம் ஒருமுறை, படித்த இளைஞர்கள் இருவர் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்து, சபர் புறப்படும் பிள்ளைகளின் ஒப்பந்தத்தையும் காப்பீட்டுத் தாளையும் வாசித்துச் சொல்லலாம். தகுதியுள்ள குடும்பங்களுக்கு அரசுத் திட்டத்தின் அட்டை பெற வழிகாட்டலாம். 2022 ஜனவரியில் இராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டிருக்கும் நிலையில், எந்தச் சிகிச்சையை எங்கே பெறலாம் என்று எடுத்துரைக்கலாம். அயலகத் தமிழர் நல வாரியத்தில் பதிவு செய்ய உதவலாம். ஒரு குடும்பத்தின் பல இலட்ச ரூபாயை ஒரு மணி நேர வாசிப்பு காப்பாற்றக்கூடும்.

மண்டபத்தின் முகாமில் வரிசையில் நின்ற பாட்டனுக்குத் தன் நோய்ச் செலவை யார் சுமப்பார் என்று கேட்கவும் இடமில்லை. அவருடைய பேரனுக்குச் சட்டம் இருக்கிறது, அட்டை இருக்கிறது, கேட்கும் உரிமையும் இருக்கிறது. அவற்றை அறியாமல் விடுவது நம் பொறுப்பின்மையே. நோயையும் நலத்தையும் தருபவன் அல்லாஹ்வே. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அவன்மீது நம்பிக்கை வைப்பதே நமக்குக் கற்பிக்கப்பட்ட முறை.

சபரில் இருக்கும் நம் பிள்ளைகள் அனைவருக்கும் நிறைந்த உடல்நலத்தையும், நலமாக ஊர் திரும்பும் பாக்கியத்தையும் வல்ல இறைவன் வழங்கியருள்வானாக! ஆமீன்.